ஸ்ட்ரைக்கில் எங்கே இருக்கிறது அடி?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் 'அடி'க்கு ஓய்வே கிடையாது. சரிவில் மருந்து அடிக்கிறார்கள், மணி அடிக்கிறார்கள், ஆணி அடிக்கிறார்கள். வேலையை விட்டு உட்கார்ந்தால் மட்டும் தமிழில் அது அடியாவதில்லை, வேலைநிறுத்தம்தான். ஆங்கிலத்தின் 'ஸ்ட்ரைக்' அப்படியில்லை. அடிப்பதற்கும் அதே சொல் என்பதால், முதலாளியை அடிப்பதே ஸ்ட்ரைக் என்ற மிரட்சி சிலருக்கு உண்டு. சொல்லின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பழைய ஆங்கிலத்தில் அது தடவுவதையும் மெல்ல நகர்வதையும் குறித்தது. அடி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. கப்பல் பாயை இறக்குவதற்கும் அதே சொல். 1768இல் லண்டனில் கூலித் தகராறின்போது மாலுமிகள் பாய்களை இறக்கிக் கப்பல்களைப் புறப்படவிடாமல் செய்தார்கள். வேலைநிறுத்தம் என்ற பொருள் அங்கிருந்தே வந்தது என்பது பொதுவான கருத்து. வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'மோகோக்'கும் நகர மறுத்து நின்றுவிடுவதுதான்.

சொல் பிறந்த கதையைக் கொண்டு இன்றைய பொருளைத் தீர்மானிக்கலாமா என்று கேட்கலாம். கூடாதுதான். 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணம். இன்று அப்படிச் சொல்லி ஒருவரைப் பாராட்டிப் பாருங்கள்! ஆகவே தோட்ட வரலாற்றையே சாட்சிக்குக் கூப்பிடுவோம். 1941இல் கிள்ளான் ரப்பர் தோட்டங்களில் தமிழர்கள் வேலையை நிறுத்தினார்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. சைக்கிளில் உட்கார்ந்தபடி போகவிடு என்பதில் அடி எங்கே இருக்கிறது? தலைவர் ஆர்.எச்.நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்து சுட்டன. கைதுக்குப் பிறகு தொழிலாளர் பக்கமும் கைகலப்பு நடந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன்பே, வெறுமனே நின்றதற்கே நிர்வாகம் மிரண்டிருந்தது.

அந்த மிரட்சிக்குக் காரணம் மலையில் இன்னும் தெளிவாகத் தெரியும். கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது. எடுக்கிற சுற்று தவறினால் இலை முற்றிவிடும். 1929இல் ஜே.ஏ.ரஸ்ஸல் தொடங்கிய 'போ' தேயிலைத் தோட்டத்துக் காலம் முதல், இயந்திரம் பிடித்துக் கொழுந்து எடுக்கும் இன்றுவரை அதுதான் நிலை. கை ஓங்கத் தேவையில்லை, மடக்கிக்கொண்டால் போதும். மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டமும் ஸ்ட்ரைக் என்பதைத் தொழிலாளர் கூடி வேலையை நிறுத்துவது என்றே வரையறுக்கிறது. நம் பத்திரிகைகள்தாம் 'வேலைநிறுத்தத்தில் குதித்தனர்' என்று எழுதிக்கொண்டிருக்கின்றன. நிற்கிறவர் எங்கே குதிக்கிறார்? தலைப்பு எழுதும் நண்பர்களே, 'வேலையை நிறுத்தினர்' என்று எழுதுங்கள்.