அரசுப் பள்ளியை யார் சோதிப்பது?

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீயில் கருகினார்கள். சமையல்கூடத்தில் பற்றிய தீ மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்கக் குறுகலான படிக்கட்டுதான். அதையொட்டி நடந்த வழக்கில் 2009இல் உச்சநீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையில் அடங்கும் என்றது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குத் தீயைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பக்கத்தில் சிவகாசி. பட்டாசு ஆலையின் ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கே விதி உண்டு. அந்த விதி ஏட்டோடு நின்றால் என்ன ஆகும் என்பதை நம் தெருக்கள் அறியும்.

பள்ளிக்கு வருவோம். தனியார் பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்கத் தீயணைப்புத் துறையின் சான்று வேண்டும். கட்டட உறுதிச் சான்றும் வேண்டும். அரசுப் பள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அங்கீகாரம் பெறுவதிலிருந்து அரசு, உள்ளாட்சிப் பள்ளிகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஆய்வுக்கு யாரும் வராவிட்டாலும் மணி அடிக்கும், வகுப்பு நடக்கும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் உதவிபெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்த பிறகுதான், பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க மாநிலம் முழுவதும் அவசரம் பிறந்தது.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பார்கள். வசதியுள்ளவர்கள் சான்று உள்ள பள்ளிக்குப் போய்விட்டார்கள். பழைய கட்டடத்தில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சேரிப் பிள்ளைகளும் கூலி வீட்டுப் பிள்ளைகளும்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதி திராவிடர் நலப் பள்ளிகளைத் தனித் துறையில் வைத்தவர்கள், அவற்றின் பாதுகாப்பையும் தனியாகவே விட்டுவிடக் கூடாது.

சான்று மட்டும் உயிர் காக்காது என்பதும் எனக்குத் தெரியும். கும்பகோணத்துப் பள்ளியும் அரசு உதவி பெற்றதுதான். அதனால்தான் இன்னொரு காகிதம் கேட்கவில்லை. பெற்றோரின் கண் அங்கே வேண்டும் என்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். ஒடுக்கப்பட்டோருக்கு அதில் உரிய இடம் தர வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவில் தீர்மானம் போட்டுத் தீயணைப்பு நிலையத்துக்கு அனுப்புவோம். அதிகாரி வரும்போது கூடவே நடப்போம். இரண்டாவது வாசல் இருக்கிறதா, அது பூட்டிக் கிடக்கிறதா, மின்கம்பி எப்படி இருக்கிறது, சமையல்கூடம் வகுப்பறையை ஒட்டியிருக்கிறதா என்று நாமே பார்ப்போம். அறிக்கையைப் பள்ளிச் சுவரில் ஒட்டச் சொல்வோம்.

இழவு வீட்டுக்கு வரும் அமைச்சரைவிட, முன்கூட்டியே வரும் தீயணைப்பு அலுவலர்தான் நம் பிள்ளைகளுக்குத் தேவை.