வியர்வை ஏன் காய மாட்டேங்குது?

கிளேபாங் பக்கம் வாழும் நமக்கு மலாக்கா நீரிணையின் ஈரக்காற்று புதிதல்ல. 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று அதிகம் போனால் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று மேலே ஏறிக் குளிர்ந்தால் மிச்ச ஈரம் மேகமாகி, மத்தியானத்தில் இடியோடு கொட்டுகிறது. அதற்கு முன் வரும் புழுக்கம்தான் உடம்புக்கு எமன். வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? காற்றே ஈரமாக இருந்தால் சட்டை நனையும், சூடு இறங்காது. "வேர்த்தா நல்லதுதானே" என்று சில தண்டல்கள் சொல்வது சுத்தத் தவறு.

வானிலை இலாகாவின் வெப்ப எச்சரிக்கையோ, பகல் சூடு தொடர்ந்து 3 நாள் 35 டிகிரியை எட்டினால்தான் வரும். அதில் ஈரம் கணக்கில்லை. 33 டிகிரியில், காற்று அசையாத செம்பனைக் காட்டில் குலை சுமப்பவருக்கு அந்தக் கணக்கு எதற்கு உதவும்? எச்சரிக்கை வரட்டும் என்று நிர்வாகம் காத்திருப்பதை நாம் ஏற்கக் கூடாது, தோழர்களே. புழுக்கம் ஏறும்போதே நிழலும் தண்ணீரும் ஓய்வும் வேண்டும். கூலியில் கை வைக்கக் கூடாது.

யாருக்காவது தலை சுற்றிப் பேச்சு குழறினால் "வெயில் மயக்கம்" என்று விட்டுவிடாதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உடனே 999-க்குக் கூப்பிடுங்கள்.