மேண்டிலில் எரிந்த மணல்

பல்பு புதியது, லாந்தர் பழையது என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். திரி எரியும் அரிக்கேனைப் பொறுத்தவரை அது சரி. திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் தலையில் சுமந்து வந்த பெட்ரோமாக்ஸைப் பொறுத்தவரை கணக்கு தலைகீழ். எடிசன் தன் பல்பை ஊரறியக் காட்டியது 1879 டிசம்பரில். பெட்ரோமாக்ஸின் உயிரான மேண்டிலுக்கு ஆஸ்திரிய வேதியியலாளர் வெல்ஸ்பாக் காப்புரிமை பெற்றது 1885இல். பெட்ரோமாக்ஸ் பெர்லினில் உருவானது அதற்கும் பிறகு. தம்பியைத்தான் தாத்தா என்று அழைத்துவந்திருக்கிறோம்.

மின்சாரம் வந்த பிறகுதான் சுடர் விளக்கு இத்தனை பிரகாசமானது. வெல்ஸ்பாக்கின் முதல் மேண்டில் பச்சை பாய்ந்த வெளிச்சம் தந்தது, யாரும் விரும்பவில்லை. 1891இல் அவர் கலவையை மாற்றினார்: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. இந்த ஆக்சைடுகளைத் தரும் உப்புகளின் கரைசலில் தோய்த்த நூல் பையை விளக்கில் கட்டிக் கொளுத்தினால் நூல் எரிந்துபோகும், சாம்பல் கூடு மட்டும் நிற்கும். பம்ப் அடித்த அழுத்தத்தில் ஏறி, சூட்டில் ஆவியாகி வரும் மண்ணெண்ணெய் அதற்குள் எரிய, கூடு வெள்ளையாய் ஜொலிக்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். ‘வைதேகி காத்திருந்தாள்’ படம் பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அன்றைய கரியிழை பல்பின் வழக்கமான அளவு 16 மெழுகுவத்தி வெளிச்சம். ஒரு நல்ல பெட்ரோமாக்ஸ் நூற்றுக்கணக்கில் தந்தது.

இதே வெல்ஸ்பாக் எதிர் அணிக்கும் ஆடினார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பல்புக்குள் கரிக்குப் பதில் ஆஸ்மியம் என்ற உலோக இழையை வைத்தவர் அவரே. ஆஸ்மியத்தையும் டங்ஸ்டனின் ஜெர்மன் பெயரான வுல்ஃப்ரமையும் ஒட்டிச் செய்த பெயர்தான் ‘ஆஸ்ராம்’.

உலகமெல்லாம் மேண்டில் கேட்டது. தோரியத்துக்கு எங்கே போவது? ஒரு காலம் பிரேசில் கடற்கரை மணல். பிறகு 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சியில் தோரியம் கொண்ட மோனசைட் மணலைக் கண்டார். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் துப்புக் கொடுத்தது என்பார்கள். குமரிக் கரையின் மணல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. வேறொரு கரையில் மேண்டிலாகித் திரும்பி, இங்கேயே கட்டுமரத்தில் மீனை இழுக்கும் விளக்கிலும் எரிந்திருக்கும்.

லாந்தரா, மின்விளக்கா என்று எந்தக் குடும்பமும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. கம்பி வந்த தெருவில் பல்பு, வராத தெருவில் சிம்னி விளக்கு. சிம்னி வெளிச்சத்தைக் கவிதையாக்குபவர்கள், காலையில் மூக்கைச் சிந்தினால் வரும் கரியையும், கவிழ்ந்த விளக்கில் பற்றிய கூரையையும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: லாந்தர் கையோடு வரும். வயல் வரப்புக்கும், பிரசவம் பார்க்கப் போகிறவருக்கும் அது முன்னே நடந்தது. பல்பு உத்தரத்தை விட்டு இறங்காது. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு கை அசைந்தால் தெருவே இருண்டுவிடும்.

மணலின் கதை மின்சாரத்தோடு முடியவில்லை. தோரியம் கதிரியக்கம் உள்ளது என்று 1898இல் தெரிந்தது. அது அணு எரிபொருளுக்கு வழியாகும் என்று பின்னால் தெரிந்தபோது அதே மணல் அரசியல் சரக்காகிவிட்டது. 1950இல் அரசு இதற்கென்றே நிறுவனம் தொடங்கியது. நாட்டின் அணுமின் திட்டத்தில் மூன்றாம் கட்டம் முழுக்கத் தோரியத்தை நம்பியது. மேண்டிலை அணைத்த மின்சாரத்துக்கே மேண்டிலின் மூலப்பொருளைக் கொடுக்கும் ஏற்பாடு இது.

கல்பாக்கத்தில் 1996 முதல் இயங்கும் ‘காமினி’ உலையின் எரிபொருள், தோரியத்திலிருந்து பிறக்கும் யுரேனியம்-233. அதன் வெப்பத்திறன் 30 கிலோவாட். ஆராய்ச்சிக்கான உலை அது. ஊருக்கு மின்சாரம் தருவதற்கு இல்லை. பெட்ரோமாக்ஸுக்கு ஒரு கரண்டி ஸ்பிரிட்டும் ஒரு தீக்குச்சியும் போதுமாக இருந்தது.