கோப்பைப் படித்த மேயர்

தெருக் கூட்டும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட மறுத்தார் ஒரு வக்கீல். மூன்றே ஆண்டுகளில் அவர் அமெரிக்க ஜனாதிபதி. பெயர் குரோவர் கிளீவ்லண்ட்.

1837இல் நியூ ஜெர்சியில் பாதிரியார் வீட்டில் பிறந்தவர். பதினாறு வயதில் அப்பாவை இழந்தார். கல்லூரிக்குப் போக வழியில்லை. பிழைப்புத் தேடி மேற்கே கிளம்பியவரை, பஃபலோ நகரில் இருந்த உறவினர் தடுத்து நிறுத்தி, ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டார். அங்கேயே சட்டம் கற்று 1859இல் வக்கீலானார். இரவு வெகுநேரம் உட்கார்ந்து வழக்குக் கட்டுகளை வரி விடாமல் படிப்பது அவர் வழக்கம்.

அந்த வழக்கத்தோடுதான் 1882 ஜனவரியில் பஃபலோ மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். மாநகராட்சி ஒப்பந்தங்களில் கட்சி ஆட்கள் கொழித்த காலம் அது. ஜூன் மாதம், நகரத் தெருக்களைச் சுத்தம் செய்ய ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்றை நகரமன்றம் அனுப்பியது. தொகை 4,22,500 டாலர். அதைவிட ஒரு லட்சம் டாலருக்கும் மேல் குறைவாகக் கேட்டவர் இருந்தும் அவரை ஒதுக்கிவிட்டார்கள். இது மக்கள் பணத்தைச் சூறையாடும் வேலை என்று காரணத்தை வெளிப்படையாக எழுதி, தீர்மானத்தை மேயர் திருப்பி அனுப்பினார். ஊர் அவர் பக்கம் நின்றது, மன்றம் பணிந்தது. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாநில ஆளுநர் தேர்தலில் வென்றார். 1885இல் வெள்ளை மாளிகைக்குப் போனார், 1893இல் மறுபடியும்.

அவர் மாசற்றவர் அல்ல. உள்நாட்டுப் போரில் படைக்கு அழைப்பு வந்தபோது, 150 டாலர் கொடுத்துத் தன் இடத்தில் வேறொருவரை அனுப்பினார். சட்டம் அதற்கு இடம் கொடுத்திருந்தாலும், ஏழைக்குக் கிடைக்காத சலுகை அது. இதை மறைத்து அவரைப் புகழ வேண்டியதில்லை.

ஆனாலும் மேயர் கிளீவ்லண்டை நான் மதிக்கிறேன். பெரிய பாலமோ மாளிகையோ கட்டியதற்காக அல்ல. கையெழுத்துப் போடுவதற்கு முன் கோப்பைப் படித்ததற்காக. ஊர்ப் பணம் ஓசையில்லாமல் கரைவது இப்படிப்பட்ட சில்லறை ஒப்பந்தங்களில்தான்.

அடுத்த முறை உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது கேளுங்கள்: நம் தெருவின் குப்பை ஒப்பந்தம் எத்தனை ரூபாய், அதைவிடக் குறைவாகக் கேட்டவர் உண்டா, நீங்கள் அதைப் படித்தீர்களா? கேட்கிற உரிமை வரி கட்டுகிற நமக்கு இருக்கிறது.