சன்னதி கூட்டுவதற்கு முன் சுத்துற பாதையைப் பாருங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிச்சிட்டு உங்க கருத்தைச் சொல்லுங்க.

எங்க மாரியம்மன் கோயில் தோட்டத்துல இருந்து தாமானுக்கு வந்த கோயில். கடைசி கும்பாபிஷேகம் ஆகி 12 வருஷம் முடியப் போகுது. திருப்பணிப் பேச்சு ஆரம்பிச்சாச்சு. உபயம் தர்றேன்னு நிறைய பேர் முன்வந்திருக்காங்க, சந்தோஷம். ஆனா ஆளுக்கொரு சன்னதி கேக்குறாங்க. இப்ப பட்டியல்ல ஆறு புது சன்னதி இருக்கு. அதோட, வெளியில அரசமரத்தடியில இருக்கிற முனீஸ்வரரை உள்ள ஒரு மூலைக்குக் கொண்டு வந்துட்டு, அந்த இடத்தைக் கார் நிறுத்த விடலாம்னும் ஒரு யோசனை. இது ரெண்டும் வேண்டாம் என்பது என் கருத்து.

கோயில்ல காலியா கிடக்கிற இடம் வீணா கிடக்கிற இடம் இல்லை. கொடிமரம், பலிபீடம், சிங்க வாகனம், அதுக்கு நேரா கருவறையில அம்மன். இந்த நேர்கோடு மறையக் கூடாது. வாசல்ல நிக்கிறவங்களுக்கும் அம்மன் முகம் தெரியணும். விழுந்து கும்பிடுறது கொடிமரத்துக்கிட்டதான், அங்க இடம் வேணும். பிறகு பிரகாரம். விநாயகரைக் கும்பிட்டு, அம்மனைப் பார்த்து, வலமா சுத்தி வரணும். அந்தப் பாதையில ரெண்டு பக்கமும் சன்னதி முளைச்சா எப்படிச் சுத்துறது? ஆடி வெள்ளிக்கிழமை பால்குடத்தோட வர்றவங்களை நினைச்சுப் பாருங்க. சக்கர நாற்காலியில வர்ற பாட்டிமார்களை நினைச்சுப் பாருங்க.

நவக்கிரகத்தையும் சுவத்தோரமா தள்ளலாம்னு ஒருத்தர் சொன்னார். நடுவுல சூரியன், சுத்தி எட்டு பேர், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம நிக்கிறாங்க. அந்த மேடையைச் சனங்க ஒன்பது சுத்து சுத்துவாங்க. சுவத்தோட ஒட்டிட்டா எங்க சுத்துறது?

ரெண்டாவது விஷயம், சன்னதி கட்டுறது ஒரு தடவை செலவு, பூஜை தினமும் செலவு. கும்பாபிஷேகம் ஆனதும் 48 நாள் மண்டலாபிஷேகம் வரைக்கும் கூட்டம் இருக்கும், உபயக்காரரும் இருப்பார். 49-ஆவது நாள்? எண்ணெய், பூ, நைவேத்தியம், ஒவ்வொரு சாமிக்கும் அபிஷேகம். இருக்கிறது ஒரே குருக்கள். இப்பவே காலை பூஜை முடிய அவருக்கு ரொம்ப நேரம் ஆகுது. இன்னும் ஆறு சன்னதின்னா அவசர அவசரமா தீபம் காட்டிட்டு ஓட வேண்டியதுதான். சாமியைக் கூட்டி வந்து உக்கார வெச்சுட்டுப் பட்டினி போடலாமா?

ஒரு சன்னதின்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலைப் பாருங்க. 1827-ல் நாராயண பிள்ளை தொடங்கிய கோயில். அங்க திரௌபதி அம்மனுக்கும் அரவானுக்கும் சன்னதி இருக்கு. ஏன்னா அங்க வருஷா வருஷம் தீமிதி நடக்குது, தீமிதி திரௌபதி அம்மனுக்கு எடுக்கிற விழா. சன்னதிகளைப் பார்த்தாலே அந்தக் கோயிலை வளர்த்த சனங்க யாரைக் கும்பிட்டாங்கன்னு தெரிஞ்சிடும்.

நம்ம முனீஸ்வரரும் அப்படித்தான். அவர் காவல் தெய்வம். தோட்டத்துல அம்மன் லயத்துக்குப் பக்கத்துல, முனீஸ்வரர் எல்லையில மரத்தடியில. இருட்டோட பால்வெட்டுக்குப் போனவங்க அவரைக் கும்பிட்டுட்டுத்தான் காட்டுக்குள்ள இறங்கினாங்க. சூலமும் அருவாளும் வெட்டவெளியுமா நிக்கிற சாமி அவர். சுருட்டு வெச்சுக் கும்பிடுற சாமியை அம்மன் பிரகாரத்துல எங்க வைப்பீங்க? காவக்காரனை வீட்டுக்குள்ள படுக்க வெச்சுட்டா வாசலை யார் பார்க்கிறது? தோட்டம் போச்சு, லயம் போச்சு. நம்ம தாத்தா பாட்டி கையால நட்டு வெச்சதுல மிச்சம் இருக்கிறது அந்தச் சூலம் மட்டும்தான். அதைக் காருக்காகப் பிடுங்கணுமா?

உபயக்காரங்களைக் குறை சொல்லலை. அவங்க பக்தி உண்மையானது, பணமும் உழைச்ச பணம். அதுக்கு வேற வழி காட்டலாம். சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பாதை, மழைத்தண்ணி போற கால்வாய், வழுக்காத தரை, மடப்பள்ளி, கழிவறை, ஒரு வருஷ விளக்கெண்ணெய்ச் செலவு, குருக்களுக்கு உதவியா இன்னொருத்தர் சம்பளம். இது எல்லாமே அம்மனுக்குச் செய்றதுதான்.

கடைசியா ஒரு யோசனை. நான் பேக்டரியில சூப்பர்வைசர். புது மிஷின் வருதுன்னா, முதல்ல தரையில டேப் ஒட்டி, ஆள் நடக்க வழி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் இறக்குவோம். அதே மாதிரி, ஸ்தபதிக்கு முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி, புது சன்னதி வர்ற இடத்தையெல்லாம் பிரகாரத்துல கோலமாவால கோடு போட்டுப் பார்ப்போம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் சுத்தி வரட்டும். இடிக்காம, நெரிசல் இல்லாம சுத்த முடிஞ்சா கட்டுங்க. முடியலைன்னா விட்டுடுங்க.

வர்ற ஞாயிறு திருப்பணிக் கூட்டம். வாட்ஸ்அப்ல பேசுறதோட நிக்காம நேர்ல வாங்க. பெண்களும் இளைஞர்களும் கண்டிப்பா வரணும். தினமும் அந்தப் பாதையில நடக்கிறது நீங்கதான்.

ஓம் சக்தி.