காய்வதற்குக் காலம் கொடாத சுவர்

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சென்ற இருபது முப்பது ஆண்டுகளுக்குள் எழும்பிய அலுவலகங்கள், வங்கிகள், மருத்துவமனைகள் முதலியவற்றுள் நுழைந்து, ஓர் அறையை மற்றோர் அறையினின்றும் பிரித்து நிற்கும் சுவரை விரலால் தட்டிப் பார்ப்பவர்களுக்கு, அது செங்கல்லால் கட்டிய சுவர் அன்று, துத்தநாகம் பூசிய தகரச் சட்டத்தின் இருபுறமும் ஜிப்சம் போர்டை ஸ்க்ரூ கொண்டு பொருத்தி எழுப்பிய சுவர் என்பது உடனே விளங்கிவிடும். விளங்கியவுடன் பெரும்பாலோர் மனத்தில் எழுவது ஒருவித அலட்சியம். ஒரு மழைக்காலம் கழிந்து, போர்டுகள் சேரும் இடங்களில் நேர்கோடாக வெடிப்பு ஓடக் கண்டால், அந்த அலட்சியம் தீர்ப்பாகவே மாறிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு நியாயமானதன்று என்பதும், வெடிப்புக்கும் மேடு பள்ளத்துக்கும் பெரும்பான்மையான காரணம், சுவரை முடிக்கிற வேலைக்கு வேண்டிய காலத்தையும் கூலியையும் நாம் கொடாமையே என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

பொருளின் குணத்தை முதலில் பார்ப்போம். ஜிப்சம் பூமியில் இயற்கையாகக் கிடைக்கும் கனிமம். இந்தியாவில் அதன் பெரும்பகுதி ராஜஸ்தானத்தில் வெட்டி எடுக்கப்படுகிறது. நம்முடைய அரியலூர், பெரம்பலூர்ப் பிரதேசங்களிலும் அது உண்டு. உர ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும்போது மிஞ்சும் கழிவாகவும் அது ஏராளமாகக் குவிகிறது. அந்தக் கழிவு ஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்துச் செய்த பலகைகளைக் கொண்டே சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013-ஆம் ஆண்டில் ஒரு மாதிரிக் கட்டடத்தை எழுப்பிக் காட்டினார்கள். இந்தக் கனிமத்தின் விசேஷம் யாதெனில், அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், கண்ணுக்குப் புலப்படாமல், படிகத்தின் உள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. சுமார் 150 டிகிரி உஷ்ணத்தில் வறுத்தால் அத்தண்ணீரில் முக்கால் பங்கு நீங்கி மாவாகிறது. மாவில் மறுபடியும் தண்ணீர் சேர்த்தால் சில நிமிஷங்களில் இறுகிப் பழையபடி கல்லாகிறது. அவ்விதம் இறுகும் குழம்பை இரண்டு காகிதங்களுக்கு நடுவே ஓடவிட்டுப் பலகையாக்குவதுதான் போர்டு. காகிதத்தையும் ஜிப்சத்தையும் அடுக்கிச் சுவர்ப்பலகை செய்யும் முறைக்கு 1894-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆள் பஞ்சம் ஏற்பட்டபோது அந்நாட்டின் பழைய பூச்சுவேலையைத் தள்ளிவிட்டு இப்பலகை வீடுதோறும் புகுந்தது.

தீப்பற்றும் சமயத்தில் இப்பொருளின் பெருமை பிரத்தியட்சமாகும். பன்னிரண்டரை மில்லிமீட்டர் கனமுள்ள போர்டு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்பது கிலோ எடை கொண்டது. அதற்குள் ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீர் அடங்கியிருக்கிறது. நெருப்பின் உஷ்ணம் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே முதலில் செலவாகிறபடியால், அது முழுவதும் நீங்கும் வரையில் சுவரின் மறுபுறம் நூறு டிகிரிக்கு மேல் எளிதில் ஏறுவதில்லை. உள்ளே இருப்பவர்கள் வெளியேற அந்த நேரம் போதுமானதாக இருக்கலாம். எடையிலும் சகாயம் உண்டு. நாலரை அங்குலச் செங்கற்சுவர் இருபுறமும் பூசி முடிந்தால் சதுர மீட்டருக்கு இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும். போர்டுச் சுவரின் எடை அதில் ஒரு சிறு பங்கே. பல மாடிக் கட்டடத்தின் தூண்களும் அஸ்திவாரமும் அந்த வித்தியாசத்தை நன்றாக அறியும். சப்தத்தைத் தடுக்கவில்லை என்ற புகார் ஓரளவுக்கு மெய்யே. ஆனால் உள்ளே வெற்றிடம் விட்டு, இருபுறமும் ஒற்றைப் போர்டு அடித்த சுவரைக் கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரட்டைப் போர்டு அடித்து, இடையில் ராக்வூல் என்னும் கல்லிழைக் கம்பளியை வைத்து, ஓரங்களின் இடுக்கை அடைத்துவிட்டால் அடுத்த அறைப் பேச்சு சொல்லாக விளங்காது.

சுவரை நிறுத்துகிற வேலை ஒழுங்காகச் செய்தால் விரைவில் முடியக்கூடியது. தரையிலும் மேல்தளத்திலும் நூல் பிடித்துச் சேனலை அடிப்பார்கள். இரண்டடிக்கு ஒன்றாக ஸ்டட் என்னும் நிலைச்சட்டத்தை நிறுத்துவார்கள். ஒரு பக்கம் போர்டை அடித்தபின் மின்சாரக் குழாயையும் கம்பளியையும் உள்ளே வைத்து, பிற்காலத்தில் தொலைக்காட்சியோ அலமாரியோ மாட்டவேண்டிய இடங்களில் மரக்கட்டை கொடுத்து, அதற்குப் பிறகே மறுபக்கத்தை மூடுவார்கள். மூடியபின் உள்ளே இருப்பதை யாராலும் பார்க்க முடியாது. ஆகையால் வீட்டுக்காரரோ பொறியாளரோ வந்து பார்க்கவேண்டிய நாள் அந்த ஒரு நாள்தான். வர்ணம் அடித்தபின் வந்து பார்ப்பதில் பிரயோஜனம் குறைவு. போர்டின் அடி ஓரம் தரையிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்க்க வேண்டும். தினந்தோறும் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிற நம் ஊரில், அந்தச் சிறு இடைவெளி இல்லாவிட்டால் காகிதம் ஈரத்தை உறிஞ்சி, ஜிப்சம் ஊறி, ஸ்கர்ட்டிங்குக்கு மேலே வர்ணம் பொரிந்து கிளம்பும். ஸ்க்ரூவின் தலை காகிதத்தைக் கிழிக்காமல், அதன் மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே அமர வேண்டும். காகிதம் கிழிந்துவிட்டால் அந்த ஸ்க்ரூ போர்டைப் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுமே தவிரப் பிடித்திராது.

இனி வருவதுதான் சூட்சுமமான வேலை. போர்டின் நீள ஓரங்கள் ஆலையிலேயே சற்று மெலிந்து வரும்படி செய்யப்பட்டிருக்கின்றன. இரண்டு போர்டுகள் அடுத்தடுத்துச் சேரும்போது நடுவில் உண்டாகும் ஆழமற்ற பள்ளம், டேப்பும் ஜாயிண்ட் காம்பவுண்டும் அமர்ந்து சுவரின் மட்டத்தோடு மறைந்து போவதற்காகவே ஏற்பட்டது. முதலில் பள்ளத்தில் காம்பவுண்டை இட்டு, அது ஈரமாக இருக்கும்போதே காகித டேப்பை வைத்து, பிளேடால் அழுத்தி, அடியில் காற்றுக்குமிழி தங்காதபடி வழித்துவிட வேண்டும். அது காய்ந்தபின் அதைவிட அகலமாக இரண்டாவது கை. அதுவும் காய்ந்தபின் ஓர் அடிக்குக் குறையாத அகலத்தில் மூன்றாவது கை. ஒவ்வொரு கையும் ஓரத்தில் ஒன்றுமில்லாமல் தேய்ந்து சுவரோடு கலந்துவிட வேண்டும். அறுத்த ஓரங்கள் சந்திக்கும் இடத்தில் பள்ளமே இல்லாதபடியால், அங்கே உண்டாகும் மேட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் பரப்புவதற்கு இரண்டடி மூன்றடி அகலம்கூடத் தேவைப்படும். கை தேர்ந்த ஒருவர் பிளேடின் ஒரு முனைக்கு மட்டும் அழுத்தம் கொடுத்து இந்த மேட்டைக் கரைத்துக்கொண்டு போவதைக் கவனித்துப் பார்த்தவர்கள், இதைச் சில்லறை வேலை என்று ஒருநாளும் சொல்லமாட்டார்கள்.

காம்பவுண்டு காய்வது என்றால் அதிலுள்ள தண்ணீர் வெளியேறுவது. தண்ணீர் வெளியேறினால் அது சுருங்கும். வாளியில் தயாராக வரும் வகைக்கு ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் இடையே சாதாரணமாக ஒரு முழு நாள் விடவேண்டும் என்பது விதி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், கடற்கரையை அடுத்த ஊர்களில், காற்றே ஈரத்தைச் சுமந்துகொண்டிருக்கும்போது ஒரு நாள் போதாது. முதல் கை ஈரமாயிருக்கையில் இரண்டாவது கையை ஏற்றினால், மேல் பூச்சு காய்ந்தது போலத் தோன்றினும் அடியில் உள்ளது வாரக்கணக்கில் மெள்ள மெள்ளச் சுருங்கிக்கொண்டே இருக்கும். திறப்பு விழாவன்று கண்ணாடி போல இருந்த சுவரில் சில மாதங்களில் கோடுகள் தெரியத் தொடங்கும். தூளாக வந்து தண்ணீரில் குழைத்துத் தானே இறுகும் வகையில் இந்தத் தொல்லை குறைவு எனினும், இறுகுவது வேறு, உலர்வது வேறு என்பதை மறந்துவிட்டு அதன்மேலும் அன்றைக்கே வர்ணம் அடித்துவிடுகிறார்கள்.

நம்முடைய முன்னோர் இந்த நிதானத்தை அறியாதவர்கள் அல்லர். சிப்பிச் சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கை கையாகப் பூசி, ஒவ்வொரு கையும் பதம் பெறும் வரையில் காத்திருந்து, கடைசியில் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு, சலவைக்கல்லோ என்று மேல்நாட்டு யாத்திரிகர்களையே மயங்கவைத்தது. செட்டிநாட்டு வீடுகளின் முட்டைவெள்ளைப் பூச்சு இன்றும் முகம் பார்க்கும்படி பளபளக்கிறது. அக்காலத்து எஜமானர்கள் அந்தக் காத்திருப்பையும் வேலையின் ஒரு பகுதியாகவே மதித்துக் கூலி கொடுத்தார்கள்; அதனால்தான் அந்தச் சுவர்கள் நிற்கின்றன.

இன்றைய ஒப்பந்தங்களில் அந்த மதிப்புக்கு இடமே இல்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே விலை பேசுகிறார்கள். போர்டு அடிப்பவர் ஒருவர், வர்ணம் அடிப்பவர் மற்றொருவர். இருவருக்கும் நடுவே ஜாயிண்ட் அநாதையாய் நிற்கிறது. ‘பெயிண்டர் பட்டி பார்த்துக்கொள்வார்’ என்று முதலாமவர் இறங்கிப் போகிறார். ‘போர்டுக்காரர் முடித்துவிட்டார்’ என்று எண்ணி இரண்டாமவர் ஏறுகிறார். டேப்பே ஒட்டாமல், சிமெண்டுச் சுவருக்கென்று செய்த வெள்ளைப் பட்டியைப் பிளவில் அடைத்து மூடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்தப் பட்டி இறுக்கமானது, சட்டத்தின் சிறு அசைவையும் பொறுக்காது, ஆகவே வெடிக்கிறது. அப்பொழுது பழி ஜிப்சத்தின் மேல் விழுகிறது. அமெரிக்காவில் ஒப்பந்தக்காரர் சங்கங்களும் உற்பத்தியாளர்களும் கூடி, சுவரை எந்த அளவுக்கு முடிக்க வேண்டும் என்பதைப் பூஜ்யம் முதல் ஐந்து வரை படிகளாக வகுத்து வைத்திருக்கிறார்கள். ஓடு பதிக்கப்போகும் சுவருக்கு இரண்டாம் படி போதும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் படர்ந்து விழும் சுவருக்கும், பளபளப்பான வர்ணம் ஏற்கும் சுவருக்கும் முழுப்பரப்பையும் மெல்லப் பூசும் ஐந்தாம் படி வேண்டும். போர்டின் தரத்துக்கு நம் தேசத்தில் ஐ.எஸ். 2095 என்ற நியமம் இருக்கிறது. ஆனால் அதை முடிக்கும் தரத்தைப் பற்றி வீட்டுக்காரரும் மேஸ்திரியும் எழுத்தில் பேசிக்கொள்வது மிக அரிது.

இந்த அவசரத்தின் விலையை முதலில் கொடுப்பவர் தேய்க்கிற தொழிலாளி. சரியாகக் காயாத, மேடு பள்ளமாகப் பூசிய ஜாயிண்டை உப்புத்தாள் போட்டு அதிகமாகத் தேய்க்கவேண்டியிருக்கிறது. ஜன்னல் மூடிய அறையில், மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, பெரும்பாலும் வட மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த இளைஞர்கள் அந்த வெண்புழுதியில் நாள் முழுவதும் நிற்கிறார்கள். சில காம்பவுண்டுகளில் சிலிக்கா உண்டு. அது சுவாசகோசங்களில் தங்கினால் திரும்பி வராது. அமெரிக்க அரசின் தொழில்சார் சுகாதார ஆராய்ச்சி நிலையமான நியோஷ், இவ்வேலையில் புழுதியின் அளவு சட்டம் அனுமதிக்கும் எல்லையைப் போலப் பத்து மடங்கு வரையில் ஏறக்கூடும் என்று கண்டது. தேய்க்கும் கருவியோடு உறிஞ்சும் கருவியை இணைத்தால் அந்தப் புழுதியில் 80 முதல் 97 சதவீதம் வரை குறைகிறது என்றும் கண்டது. பரிகாரம் இவ்வளவு சமீபத்தில் இருக்க, மனித சரீரத்தை வடிகட்டியாக உபயோகிப்பதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல இயலாது.

ஆகவே வீடு கட்டுவோரையும் அலுவலகம் அமைப்போரையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான். ஒப்பந்தத்தில் ஜாயிண்ட் வேலையைத் தனி இனமாக எழுதி, எத்தனை கை, எந்த டேப், எந்தப் படி என்பதைக் குறித்து, அதற்குத் தனி விலை கொடுங்கள். ஒவ்வொரு கைக்கும் காயும் நாளைத் தேதியிட்டு எழுதுங்கள். மழைக்காலமானால் அந்நாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் ஆட்களுக்கு வேறு அறையில் வேலை கிடைக்கும்படி திட்டம் செய்வது ஒப்பந்தக்காரரின் கடமையாக இருக்கட்டும். வர்ணத்துக்கு முன், இரவில் ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்து, குறை இருந்தால் அப்பொழுதே திருத்தச் சொல்லுங்கள். அரசும் செய்யவேண்டியது உண்டு. 1994-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம், உறிஞ்சும் கருவியோடு கூடிய தேய்ப்பு இயந்திரங்களை வாங்கி மாவட்டந்தோறும் சிறு ஒப்பந்தக்காரர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் கொத்து வேலைக்கும் தச்சு வேலைக்கும் பக்கத்தில் இந்த வேலையையும் ஒரு பாடமாக வைத்து, தேர்ந்தவர்களுக்குச் சான்றிதழ் வழங்கலாம். சான்றிதழ் பெற்ற கைக்குச் சதுர அடிக்கு இரண்டு ரூபாய் அதிகம் கேட்கும் தைரியம் வரும். அதைக் கொடுப்பவருக்கும் எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்கும்.