ஸ்ரீபுரந்தான் நடராஜரை வாங்கியது யார்?

திண்டுக்கல்லில் ஒரு கல்யாணப் பந்தி. லண்டன் போய்வந்த உறவினர் ஒருவர், "நம்ம சிலையெல்லாம் அங்கயே இருக்கட்டும் மாப்ள. இங்க இருந்தா காணாமப் போயிரும்" என்றார். படித்தவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயில் நடராஜர் 2006-இல் திருடுபோனார். 2008-இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரை 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். கொடுத்த ஆவணங்கள் போலி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டதும் குட்டு வெளிப்பட்டது. 2014-இல் அந்நாட்டுப் பிரதமர் டோனி அபாட்டே டெல்லிக்கு வந்து ஒப்படைத்தார்.

இதுவா பத்திரம்? திருடனைத் திட்டுகிறோம், சரி. அவன் யாரை நம்பித் திருடினான்? ஸ்ரீபுரந்தான் கடைத்தெருவில் 50 லட்சம் டாலரோடு எவனும் நிற்கவில்லை. வாங்கக் கலைக்கூடம் இருந்ததால்தான் கோயில் பூட்டு உடைந்தது.

இத்தாலிக்காரனுக்கும் இதே கதைதான். பழைய எட்ருஸ்கன் மக்களின் கல்லறைகள் நிறைந்த செர்வெத்தேரியில் 1971-இல் கள்ளத்தனமாகத் தோண்டியெடுத்த கிரேக்க மது ஜாடியை, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் மறு வருஷமே சுமார் 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2008-இல்தான் இத்தாலி மீட்டது. இன்று அது செர்வெத்தேரியிலேயே காட்சிக்கு இருக்கிறது. சின்ன ஊர்தான் அதுவும்.

லண்டன் பெருமையைப் பேசுகிறவர்களுக்கு 2023 ஆகஸ்ட் ஞாபகமில்லையா? பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குள்ளேயே சுமார் 2000 பொருள்கள் களவுபோயும் சேதமாயும் கிடந்தது வெளிவந்து இயக்குநர் பதவி விலகினார். அவற்றில் பலவற்றுக்குச் சரியான பதிவே இல்லை. நம்மூர்க் கோயிலில் இது நடந்திருந்தால் இந்தப் பந்தி எப்படிப் பேசியிருக்கும்!

நம்மை நாமே மட்டமாக நினைக்கும் புத்தி இது. நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழநிக்குப் பக்கத்துப் பொருந்தலில் 2009-10-இல் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்தபோது, ஈமச்சின்னத்துக்குள் ஜாடி நிறைய நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணித்தார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் அந்த நெல்லைக் காத்தது எந்தச் சீமை அருங்காட்சியகம்? நம் மண்! திண்டுக்கல் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்; பூட்டும் பிரியாணியும் சொல்வார்கள், பொருந்தலைச் சொல்ல மாட்டார்கள். சொல்லிக் கொடுத்தால்தானே!

மீண்டு வந்த திருமேனிகளின் கதியும் நன்றாயில்லை. பல இன்னும் பாதுகாப்பு மையங்களில் அடைபட்டிருக்கின்றன. ஊர்க்கோயிலில் காவல் இல்லையாம். காவல் போட வேண்டியது யார் வேலை? ஒருகாலப் பூசைக்கே எண்ணெய் இல்லாமல் கோயிலை விட்டுவிட்டு, ஊர்க்காரனுக்கு அக்கறையில்லை என்று பழி போடுகிறார்கள்.

ஒவ்வொரு கிராமக் கோயிலிலும் சிலைகளைப் படமெடுத்து, அளவெடுத்து, பட்டியலை ஊரார் கையில் கொடுங்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜரைக் காட்டிக்கொடுத்தது அப்படியொரு புகைப்படம்தான்.